திருநாளுக்கு மறுநாள்

கிறிஸ்து பிறப்புப் பெருவிழா நெருங்கும் நாள்களில் எங்கள் பங்கு இல்லத்துக்கென்று ஒரு தனி மணம் வந்துவிடும். முன்னறையில் அடுக்கிய அரிசி மூட்டைகளின் சாக்கு மணம். பிரிக்காத புதுச் சேலைக் கட்டுகளின் கஞ்சி மணம். குடில் அமைப்பதற்காக இளைஞர்கள் கொண்டுவந்து போட்ட வைக்கோலின் மணம். இம்மூன்றும் கலந்து வீசும்போது, நாள்காட்டியைப் பார்க்காமலே டிசம்பர் மூன்றாம் வாரம் பிறந்துவிட்டது என்று சொல்லிவிடலாம்.

அந்த மணத்தோடு என் மேசைக்கு ஒரு நீளமான குறிப்பேடும் வந்து சேரும். அதுதான் பட்டியல். ஒவ்வோர் அன்பியமும் தன் பகுதியில் உள்ள கைம்பெண்கள், முதியோர், நோயாளிகள், வேலையிழந்தோர் ஆகியோரின் பெயர்களை எழுதித் தரும். பங்குப் பேரவை அதைச் சரிபார்க்கும். பின்னர் பெயருக்கு ஒரு சீட்டு எழுதிப் பங்கின் முத்திரையைக் குத்தி வழங்குவோம். சீட்டைக் கொண்டுவருபவருக்குப் பத்துக் கிலோ அரிசி, ஒரு சேலை அல்லது வேட்டி. தள்ளுமுள்ளு இல்லை, ஒருவரே மூன்று முறை வாங்குகிறார் என்ற புகார் இல்லை, கணக்கும் துல்லியம். இந்த முறையைக் குறித்து எனக்குப் பெருமை இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. 2024ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை வரை இருந்தது.

மேல்பட்டாம்பாக்கத்தை அறியாத வாசகர்களுக்குச் சில சொற்கள். விழுப்புரத்திலிருந்து கடலூர் செல்லும் இருப்புப்பாதையில், பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் இடையே உள்ள சிறிய பேரூர் இது. மேற்கே பண்ருட்டியின் பலாவும் முந்திரியும். கிழக்கே நெல்லிக்குப்பத்தின் கரும்பு. வடக்கே தென்பெண்ணை ஆறு. இதே மாவட்டத்தில்தான் பழுப்பு நிலக்கரி வெட்டும் நெய்வேலியும் இருக்கிறது. அங்கே மாதச் சம்பளம் பெற்று வாழ்கிற நம் கத்தோலிக்கக் குடும்பங்கள் சில ஆண்டுதோறும் எங்கள் பட்டியலுக்குக் கைகொடுக்கின்றன. “இந்த வருடம் எத்தனை சேலை, ஃபாதர்?” என்று நவம்பரிலேயே தொலைபேசியில் கேட்டுவிடுவார்கள். மனமுவந்து கொடுக்கிறவர்கள். அவர்களிடம் குறை காண்பதற்காக இதை எழுதவில்லை. குறை வேறிடத்தில் இருந்தது.

அந்த ஆண்டுத் திருவருகைக் காலம் வெள்ளத்தோடு தொடங்கிற்று. நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் டிசம்பர் 1, திருவருகைக் கால முதல் ஞாயிறு. முதல் ஊதா மெழுகுதிரியை ஏற்றியபோது ஆலயத்தில் மின்சாரம் இல்லை. அதற்கு மறுநாள் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,60,000 கன அடிக்கும் மேலான நீர் திறந்துவிடப்பட, தென்பெண்ணை கரை கொள்ளாமல் ஓடி ஊர்களுக்குள் புகுந்தது. தாழ்வான இடங்களில் இருந்தவர்கள் பள்ளிக் கட்டடங்களில் ஒதுங்கினார்கள். பங்கின் இளைஞர்கள் இரண்டு நாள் சோறு சமைத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். நீர் வடிந்தது. நாங்களும் வழக்கமான வேலைகளுக்குத் திரும்பினோம். நட்சத்திர விளக்குகளைத் துடைத்தோம். பாடற்குழுவினர் ஒத்திகையைத் தொடங்கினார்கள். அன்பியங்கள் பட்டியல் எழுதின.

டிசம்பர் 24, பிற்பகல் மூன்று மணி. ஆலய வளாகத்தில் பந்தல், ஒலிபெருக்கியில் பாடல், மேசைமீது சேலைகள். கொடையளித்தோரின் பெயர்களை ஒருவர் வாசிக்க, மற்றொருவர் நிழற்படம் எடுத்தார். வரிசை ஒழுங்காக நகர்ந்தது. அப்போது தொண்டர் ஒருவர் என்னிடம் வந்து, “ஃபாதர், சீட்டு இல்லாமல் சிலர் வாசலில் நிற்கிறார்கள். ஆற்றோரத்து ஆட்கள். என்ன சொல்வது?” என்று கேட்டார். நான் தலையை நிமிர்த்திப் பார்த்தேன். இடுப்பில் ஒரு குழந்தையோடும், சேலை நுனியைப் பற்றிய இரு பிள்ளைகளோடும் ஓர் இருளர் பெண் நின்றுகொண்டிருந்தாள். “முதலில் சீட்டு உள்ளவர்களுக்குக் கொடுங்கள். மிஞ்சினால் பார்க்கலாம்” என்றேன்.

மிஞ்சவில்லை. ஐந்து மணிக்கு வாசலைப் பார்த்தபோது அங்கே யாரும் இல்லை. இளைஞர்கள் குடிலில் வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தார்கள். அன்று நள்ளிரவுத் திருப்பலியில், விடுதியில் இடமில்லை என்று திருப்பி அனுப்பியவர்களைக் குறித்து நான் மறையுரை ஆற்றினேன். மறையுரை நன்றாக இருந்ததாகப் பலர் சொன்னார்கள்.

பெருவிழாவுக்கு மறுநாள் காலைத் திருப்பலிக்கு யாரும் அதிகம் வருவதில்லை. களைப்பு, வீட்டில் விருந்தினர். ஆனால் டிசம்பர் 26 திருச்சபைக்கு முக்கியமான நாள். முதல் மறைச்சாட்சியான புனித ஸ்தேவானின் விழா. அவருடைய கிரேக்கப் பெயருக்கு மணிமுடி என்று பொருள் என்பதால், நம் முன்னோர் அவரை முடியப்பர் என்று அழகாகத் தமிழ்ப்படுத்தினார்கள். அன்று இன்னொரு நினைவும் சேர்ந்திருந்தது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குச் சரியாக இருபது ஆண்டுகள். இறந்தோருக்காக மன்றாடித் திருப்பலி நிறைவேற்றிவிட்டு வெளியே வந்தேன்.

சக்கிறிஸ்து அறை வாசலில் ஒரு மூதாட்டி காத்திருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரிக் கொட்டை உடைத்தே காலத்தைக் கழித்தவர். கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைத்தாலும் விரல்கள் கறுத்துத்தான் போகும். அந்தக் கறுத்த விரல்களில், நாங்கள் கொடுத்த சேலை ஒன்று மடிப்புக் கலையாமல் இருந்தது.

“சாமி, எனக்கு ரெண்டு சீட்டு வந்துது. எங்க அன்பியத்துல ஒண்ணு, எம் மவ வூட்டு அன்பியத்துல ஒண்ணு. வெவரம் புரியாம ரெண்டுத்தையும் வாங்கிட்டேன். ராத்திரி பூசையில ஒக்காந்திருந்தா மனசு கேக்கல. ஆத்தோரத்துப் பொண்ணு புள்ளைங்களோட வந்து வெறுங்கையாப் போச்சே. இத அதுங்கிட்ட குடுத்துடுங்க.”

“நீங்களே கொடுத்திருக்கலாமே, அம்மா?” என்றேன்.

“நான் குடுத்தா, பாவம்னு ஒரு சேலைய எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடும் சாமி. கோயில் குடுத்தாத்தான அதுக்கும் திருநாளு?”

நான் பதில் பேசவில்லை. தள்ளுமுள்ளு இல்லாத, புகார் இல்லாத, துல்லியமான என் பட்டியலில் ஒரு பெயர் இரண்டு முறை இருந்தது. இன்னொரு பெயர் இல்லவே இல்லை. அதைக் கண்டுபிடித்தது பங்குப் பேரவையன்று. பெற்றுக்கொள்ளும் வரிசையில் நின்ற ஒரு மூதாட்டி.

அந்தச் சேலையையும் என் சமையலறையில் இருந்த அரிசியையும் எடுத்துக்கொண்டு, உபதேசியாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன். கரைமேட்டில் நான்கைந்து தார்ப்பாய்க் கூடாரங்கள். குடிசைகள் இருந்த இடத்தில் மணல் மேடிட்டிருந்தது. அந்தப் பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அதுவே என்னை மேலும் சுட்டது. மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. வாசலில் திருப்பி அனுப்பப்படுவது அவளுக்குப் புதிய அனுபவமன்று. குடும்ப அட்டை உண்டா என்று கேட்டேன். ஒருபோதும் இருந்ததில்லை என்றாள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தனவாம். பையோடு ஆறு கொண்டுபோய்விட்டது. எந்தப் பட்டியலிலும் ஏறாத குடும்பம் அது. ஏதோ ஒன்றில் ஏற வேண்டுமானால் முன்னரே வேறொரு பட்டியலில் இருந்திருக்க வேண்டும்.

“பொங்கலுக்கு முன்னால சூளைக்குப் போயிடுவோம் ஐயா” என்றாள். செங்கல் சூளையில் குடும்பத்தோடு வேலை. முன்பணமாக இருபதாயிரம் ரூபாய் வாங்கியாயிற்று.

“எப்போது வாங்கினீர்கள்?”

“வெள்ளம் வந்த நாலாம் நாளு. புள்ளைங்களுக்குச் சோறு வேணுமில்ல ஐயா?”

அந்த நாலாம் நாள் என்னை இன்றுவரை விடவில்லை. அன்று எங்கள் திருநாள் உதவிப் பணம் முழுவதும் என் அலமாரியில் இருந்தது. நவம்பரிலிருந்தே சேர்ந்த பணம். டிசம்பர் 24ஆம் நாளுக்கு உரியது என்பதால் பூட்டி வைத்திருந்தேன். இருபதாயிரத்தைப் போலப் பல மடங்கு. அந்தத் தாய் தன் குடும்பத்தின் ஆறு மாத உழைப்பை விற்றுக்கொண்டிருந்த அதே வேளையில், பந்தல்காரருக்கு எவ்வளவு முன்பணம் கொடுப்பது என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். கடனுக்கு மனிதரைக் கட்டிப்போடும் முறையை நம் நாட்டுச் சட்டம் 1976லேயே ஒழித்துவிட்டது. ஆனால் பசித்த வீட்டுக்குள் சட்டத்தைவிட முன்பணம் விரைவாக நுழைந்துவிடுகிறது. கோவிலின் கொடையோ பெருவிழாவின் நேரம் பார்த்து நடந்து வருகிறது.

இல்லம் திரும்பித் திருவிவிலியத்தைத் திறந்தேன். புனித ஸ்தேவானின் விழாவன்று நாம் வாசிக்கும் முதல் வாசகம் திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தின் எட்டாம் வசனத்தில் தொடங்குகிறது: அவருடைய அருளும் வல்லமையும், எதிர்ப்பு, பின்னர்க் கல்லெறி, மரணம். அதே அதிகாரத்தின் முதல் ஏழு வசனங்கள் அன்று வாசிக்கப்படுவதில்லை. குருமடத்தில் இறையியல் படித்த நாளிலிருந்து எத்தனையோ முறை அவற்றை விளக்கியிருக்கிறேன். அன்றுதான் அவை என்னைப் பார்த்து எழுதப்பட்டவை போலத் தோன்றின.

ஸ்தேவான் யார்? முதற் சபையில் உணவுப் பங்கீட்டைச் சரிசெய்வதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். எருசலேம் சபையில் அன்றாடம் ஏழைகளுக்குப் பகிர்ந்து கொடுத்துவந்தார்கள். அதில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் விடுபட்டுப் போனார்கள். யாரும் வேண்டுமென்று செய்ததாக லூக்கா எழுதவில்லை. உள்ளூர் மொழி பேசியவர்கள் பங்கிட்டபோது, தங்களுக்குத் தெரிந்த முகங்கள் கண்ணில் பட்டிருக்கும். தெரியாத முகங்கள் பட்டிருக்காது. எங்கள் அன்பியங்கள் செய்ததும் அதுவே. நான் செய்ததும் அதுவே. திருச்சபைக்குள் பதிவான முதல் முணுமுணுப்புகளுள் ஒன்று, பட்டியலில் பெயர் விடுபட்டதைப் பற்றியது.

அதற்குத் திருத்தூதர்கள் கண்ட தீர்வுதான் வியப்புக்குரியது. முணுமுணுத்தவர்களை அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. பொறுமையாக இருங்கள், மிஞ்சினால் பார்க்கலாம் என்றும் சொல்லவில்லை. ஏழு பேரைத் தேர்ந்துகொள்ளுமாறு சபையிடம் ஒப்படைத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு தொடங்கி அந்த ஏழு பெயர்களையும் பாருங்கள். ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறைப்பட்டவர்களின் பக்கத்தைச் சேர்ந்தவர்களிடமே பந்தியின் பொறுப்பு முழுவதையும் கொடுத்துவிட்டது அந்தச் சபை என்று உரையாசிரியர் பலர் கருதுகின்றனர். யார் விடுபடுகிறார்கள் என்பது விடுபட்டவர்களுக்குத்தான் தெரியும்.

பாலன் பிறந்ததற்கு மறுநாளே இந்த மனிதரைத் திருச்சபை நம் கண்முன் நிறுத்துகிறது. சூசையப்பரும் அன்னை மரியாவும் பெத்லகேமுக்குப் பயணம் போனதே ஒரு பட்டியலில் பெயரைப் பதிவுசெய்வதற்காகத்தான் என்பதையும் நினைத்துக்கொண்டேன். பேரரசன் அகுஸ்துவின் கணக்கில் ஏறப் போனவர்களுக்கு ஊரில் ஓர் அறை கிடைக்கவில்லை.

திருநாளுக்கு மறுநாள் என்பது நம் மாவட்டத்தாருக்கு வெறும் நாள்காட்டிச் செய்தியன்று. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்ப விழா. காலைத் திருப்பலி வேளையில் கடல் எழுந்து வந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இளங்குருவாக இருந்த நான் துயர்துடைப்புப் பணிக்காகக் கடற்கரைக்கு அனுப்பப்பட்டேன். லாரி லாரியாகப் பழைய துணிகள் வந்தன. ஒருவரும் தொடாமல் அவை சாலையோரத்தில் குவிந்து கிடந்து மழையிலும் வெயிலிலும் மக்கின. “நேத்துவரைக்கும் நாங்க கேட்டு வாங்கித் தின்னவங்க இல்ல சாமி. வல கெடச்சா போதும்” என்றார் ஒரு மீனவப் பெரியவர். கொடுத்தவர்களின் உள்ளம் நல்லதுதான். கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்கப்படவில்லை. அங்கும் ஒரு பட்டியல் இருந்தது. ஊர்ப் பஞ்சாயத்துகளின் வழியாக உதவி சென்ற இடங்களில், உப்பங்கழியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிழைத்த இருளர் குடும்பங்கள் எந்த ஊரின் கணக்கிலும் வராமல் நின்றன. இருபது ஆண்டுகளுக்கு முன் கண்ணால் கண்ட ஒன்றை, என் ஆலய வாசலில் நான் மறந்துபோனேன்.

2011இல் தானே புயல் வந்ததும் பெருவிழாவின் எண்கிழமைக்குள்தான். டிசம்பர் 30 காலை. ஒரே இரவில் பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்தன. மூதாதையர் நட்ட பலா மரத்தைக் கட்டிக்கொண்டு அழுத முதியவர்களைப் பார்த்திருக்கிறேன். அரிசியும் போர்வையும் சில வாரங்களில் வந்து சேர்ந்தன; அவற்றால் பல உயிர்கள் பிழைத்தன. ஆனால் முந்திரிக் கன்று காய்ப்புக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும். பலாவுக்கு இன்னும் பொறுத்திருக்க வேண்டும். அந்த இடைக்காலத்தில் கொட்டை உடைக்கிறவளுக்குக் கூலி எது? அடுத்த டிசம்பரில் ஒரு சேலை கிடைத்திருக்கும். இடையில் இருந்த பதினொரு மாதங்களைப் பற்றி எந்த ஒலிபெருக்கியும் பேசவில்லை.

ஆழிப்பேரலைக்குப் பின் வந்த முதல் கிறிஸ்து பிறப்பு விழாவன்று, 2005 டிசம்பர் 25ஆம் நாளில், திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் தம் முதல் சுற்றுமடலில் கையொப்பமிட்டார். கடவுளின் அன்பைப் பற்றிய அம்மடலில், இந்த எழுவரின் தேர்வை அவர் எடுத்துக்காட்டுகிறார். அன்புப் பணி திருச்சபையின் இயல்பிலேயே அடங்கியது. அதைப் பிறரிடம் விட்டுவிட்டு நற்செய்தி அறிவிப்பையும் வழிபாட்டையும் மட்டும் வைத்துக்கொள்ள முடியாது என்பது அவர் போதனை. அண்மையில் 2025 அக்டோபரில், ஏழைகள்மீதான அன்பைப் பற்றித் திருத்தந்தை பதினான்காம் லியோ வெளியிட்ட மடலும் இதே வழியில் செல்கிறது. நீதிக்காக உழைக்க வேண்டும் என்பதைக் காரணமாக்கி நேரடியாகக் கொடுக்கும் தர்மத்தைக் கைவிட்டுவிடலாகாது என்று அவர் அறிவுறுத்துகிறார். எனவே திருநாள் உதவியே வேண்டாம் என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். பண்டிகை நாளில் ஒரு புதுச்சேலை எத்தகைய மகிழ்ச்சி என்பது வாங்க வழியில்லாத வீட்டுக்குத்தான் தெரியும். என் தாய்க்கும் தெரிந்திருந்தது.

கேள்வி, எப்படி என்பதுதான். 1833இல் பாரிஸ் நகரில் இருபது வயது மாணவரான ஃபிரெடெரிக் ஓசானாம் தம் நண்பர்களோடு தொடங்கிய சிறு குழுதான், இன்று நம் பங்குகளில் உள்ள வின்சென்ட் தே பவுல் சபை. தொடக்கத்திலேயே அவர்கள் ஒரு பழக்கத்தை வகுத்துக்கொண்டார்கள். ஏழைகளைத் தங்களிடம் வரச் சொல்லாமல், தாங்களே அவர்கள் வீட்டுக்குச் சென்றார்கள். போய் உட்கார்ந்தால்தான் அடுப்பு எரிகிறதா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா, கடன் யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் தெரியும். வரிசையில் நிற்பவரிடம் சீட்டு மட்டுமே தெரியும். 1997இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஓசானாமுக்கு அருளாளர் பட்டம் வழங்கினார். அதைக் கொண்டாட எங்கள் சபையினர் அப்போது கூட்டம் நடத்தியிருப்பார்கள். வீடு சந்திக்கும் பழக்கம் அதற்குள் எங்கோ தேய்ந்துபோயிருந்தது.

2025ஆம் ஆண்டு சனவரியில் இவற்றையெல்லாம் பங்குப் பேரவையில் எடுத்து வைத்தேன். எதிர்ப்பு இல்லாமல் இல்லை. “இது நம் திருநாள், ஃபாதர். நம் மக்களுக்கே போதவில்லை. வெளியாருக்கு எங்கிருந்து கொடுப்பது?” என்று ஒருவர் கேட்டார். கடுமையான மனிதர் அல்லர். கணக்கு எழுதுபவர், பற்றாக்குறையை அறிந்தவர். நான் மறுமொழி சொல்லுமுன் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுந்து, இதே மேல்பட்டாம்பாக்கத்தின் வரலாற்றை நினைவூட்டினார். 1860களில் கார்ல் ஓக்ஸ் என்னும் லூத்தரன் சபைப் பணியாளர், சபைக்குள் சாதி வேற்றுமைக்கு இடமளிப்பதை ஏற்க மாட்டாமல் தம் மறைபரப்புக் கழகத்திலிருந்து விலகி, இங்கே வந்து தங்கினார். தாம் அமைத்த பணித்தளத்துக்குப் பெத்தானியா என்று பெயரிட்டார். அச்சொல்லுக்கு ஏழையின் வீடு என்று பொருள் சொல்வோர் உண்டு. “நம் பிரிந்த சகோதரர்கள் அன்று இந்த ஊரில் கேட்ட கேள்வி, பந்தியில் யாருக்கு இடம் என்பது. நாம் இன்னும் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறோம்” என்றார் ஆசிரியை. அதற்குமேல் விவாதம் நீளவில்லை.

பழைய வழக்கம் ஒன்றை மீண்டும் கொண்டுவந்தோம்: பிடியரிசி. நம் பாட்டிமார் அறிந்த வழக்கம். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவது. மாதம் ஒருமுறை அதைக் கோவிலுக்குக் கொண்டுவருவது. ஒருநாள் வள்ளன்மை இதில் இல்லை. முந்நூற்று அறுபத்தைந்து நாளும் அடுப்பங்கரையில் ஒரு கணம் பிறரை நினைப்பது மட்டுமே உண்டு. முதல் மாதம் கொண்டுவந்தவர்களில், முன்பு சீட்டு வாங்கிய வீடுகளும் இருந்தன. கொட்டை உடைக்கும் மூதாட்டி ஒரு பால்பவுடர் டப்பா நிறையக் கொண்டுவந்தார். “வாங்கறவங்க குடுக்கக்கூடாதுன்னு சட்டமா சாமி?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நெய்வேலி அன்பர்களிடமும் பேசினோம். ஆண்டுக்கு ஒருமுறை அனுப்பிய தொகையில் பாதியை மாதந்தோறும் பிரித்து அனுப்ப முன்வந்தார்கள். அந்தப் பணத்துக்கு அலமாரியில் பூட்டு இல்லை. வெள்ளமோ நோயோ வந்தால் அன்றைக்கே எடுக்கலாம் என்று முடிவு எழுதி வைத்தோம்.

ஆயினும் இது வெற்றிக் கதையன்று. பொங்கல் கழிந்து நான் ஆற்றங்கரைக்குப் போனபோது அந்தத் தார்ப்பாய் அங்கே இல்லை. சொன்னபடியே சூளைக்குப் போய்விட்டார்கள். கடனை அடைத்து அவர்களை நிறுத்திவைக்கலாம் என்று நான் நினைத்து வருவதற்குள் நாள் கடந்துவிட்டது. மழை தொடங்கும் முன் திரும்பினார்கள். மூத்த பெண் பள்ளியில் ஓர் ஆண்டை இழந்திருந்தாள். அந்த ஆண்டை எந்தப் பிடியரிசியும் திருப்பித் தராது. இப்போது அவள் மீண்டும் பள்ளிக்குப் போகிறாள். குடும்ப அட்டைக்கும் சாதிச் சான்றிதழுக்கும் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். ஆசிரியை அவர்களோடு அலுவலகம் அலுவலகமாக நடக்கிறார். அப்பெண்ணின் தந்தை ஒருநாள் என்னிடம், “எங்க ஆளுங்க இன்னும் மூணு எடத்துல இருக்காங்க ஐயா, ஒங்களுக்குத் தெரியாது” என்றார். அந்த மூன்று இடங்களும் என் பங்கு எல்லைக்குள்தான் இருக்கின்றன. எத்தனையோ முறை அவற்றைக் கடந்து மோட்டார் சைக்கிளில் போயிருக்கிறேன்.

இந்த ஆண்டுப் பட்டியலை எழுதும் குழுவில் அவரும் இருக்கிறார். கொட்டை உடைக்கும் மூதாட்டியும் இருக்கிறார். ஒலிபெருக்கி இல்லை, நிழற்படம் இல்லை, வரிசையும் இல்லை. இருவர் இருவராக வீடுகளுக்குப் போவார்கள். 24ஆம் நாளுக்குள் முடியாது என்று குழுவினர் சொன்னார்கள். முடியவேண்டாம் என்றேன். முடியப்பரின் நாளிலும் அதற்குப் பின்னும் தொடரட்டும்.

வாசக அன்பர்களே, உங்கள் பங்கிலும் இந்நாள்களில் ஒரு குறிப்பேடு விரிந்திருக்கும். உங்கள் காணிக்கையைக் கொடுக்கும்போது அந்தக் குறிப்பேட்டை ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள். இதில் யார் இல்லை என்று உங்கள் பங்குத்தந்தையைக் கேளுங்கள். அவருக்குப் பதில் தெரியாமல் போகலாம், எனக்கும் தெரிந்திருக்கவில்லை. தெரிந்தவர் ஒருவர் ஆலயத்தின் கடைசி வரிசையிலோ வாசலுக்கு வெளியிலோ கட்டாயம் இருப்பார்.

எங்கள் குறிப்பேடு இப்போதும் என் மேசைமீது இருக்கிறது. சாக்கு மணமும் கஞ்சி மணமும் வைக்கோல் மணமும் வழக்கம்போல் முன்னறையில் நிறைந்திருக்கின்றன. இந்த முறை கடைசி இரண்டு பக்கங்களில் எதையும் எழுதாமல் விட்டு வைத்திருக்கிறோம். சீட்டு இல்லாமல் வருகிறவர்களின் பெயர்களுக்காக.